நோட்டில் ‘ஆட்டோ’ என்று எழுதினால் போதுமா?

கேள்வி: பெருந்துறையில் கார் கன்சல்டிங் வைத்திருக்கிறேன். வண்டி விவரம் எழுதும் நோட்டில் கியருக்கு ஒரே ஒரு கட்டம்தான். அதில் ‘மேனுவல்’ அல்லது ‘ஆட்டோ’ என்று எழுதுவோம். அப்பா தொழில் பார்த்த காலத்தில் அந்தக் கட்டமே கிடையாது. போன மாதம் ‘ஆட்டோ’ என்று சொல்லி ஒரு சின்னக் காரை விற்றேன். வாங்கியவர் குடும்பத்தோடு கோத்தகிரி போய்விட்டு வந்து கடையில் சத்தம் போட்டார். “ஏனுங்க, ஏத்தத்துல நிறுத்தி எடுத்தா வண்டி பின்னாடி உருளுது. கியர் மாறும்போதெல்லாம் தலை ஆடுது. இதுக்குப் பேரு ஆட்டோமேட்டிக்குங்களா?” என்றார். மெக்கானிக்கைக் கேட்டால், “அது ஏ.எம்.டி.ங்க, அப்படித்தான் இருக்கும்” என்கிறார். ஏ.எம்.டி., ஏ.ஜி.எஸ்., சி.வி.டி., டி.சி.டி., ஐ.எம்.டி. என்று ஆளுக்கொரு பேர் சொல்கிறார்கள். இதில் எது வகை, எது கம்பெனி வைத்த பேர்? நோட்டில் எத்தனை கட்டம் போட வேண்டும்? இப்போது கடையில் இரண்டு பலேனோ, ஒரு பிராங்க்ஸ், ஒரு இன்னோவா ஹைகிராஸ் நிற்கின்றன. நாலுமே ‘ஆட்டோ’தான்.
— ஒரு வாசகர், பெருந்துறை

பதில்: உங்கள் நோட்டில் இருந்தது பொய்யில்லை, பாதி விவரம். ‘ஆட்டோ’ என்று எழுதும்போது ஓட்டுபவரின் இடது காலுக்கு வேலை இருக்காது என்பதை மட்டும்தான் சொல்கிறோம். பானெட்டுக்குக் கீழே இருக்கும் பெட்டி எப்படிப்பட்டது என்று அந்தச் சொல்லில் ஒரு தகவலும் இல்லை. காலைப் பற்றிச் சொன்னதை உங்கள் பார்ட்டி பெட்டியைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை. ஷோரூம், விளம்பரம், கன்சல்டிங் என்று எல்லோரும் அப்படித்தான் பேசிப் பழகியிருக்கிறோம்.

ஒரு கட்டத்துக்குள் அடங்குகிற விஷயம் இல்லை இது. மூன்று கேள்வி கேட்டால்தான் ஒரு கியர் பாக்ஸ் முழுசாகப் பிடிபடும். கிளட்சையும் கியரையும் இயக்குவது ஓட்டுபவரா, கம்ப்யூட்டரா? இன்ஜினையும் பெட்டியையும் இணைப்பது எது: உலர்ந்த கிளட்ச் பிளேட்டா, எண்ணெயில் நனைந்த பிளேட்டா, டார்க் கன்வெர்ட்டரா? பெட்டிக்குள்ளே வேகத்தை மாற்றிக் கொடுப்பது எது: பக்கத்துப் பக்கத்துத் தண்டுகளில் பொருந்தி ஓடும் பல்சக்கரங்களா, நடுவில் ஒன்றும் அதைச் சுற்றிச் சிலவுமாக ஓடும் பிளானட்டரி சக்கரங்களா, புல்லியும் பெல்ட்டுமா? ஒரு கேள்விக்குக் கிடைத்த பதிலை வைத்து மற்ற இரண்டையும் ஊகிக்கப்போய்த்தான் குழப்பம் வருகிறது.

உங்கள் அப்பா காலத்தில் கட்டம் இல்லை என்கிறீர்கள். ஆனால் அப்போதும் வகை பிரித்தார்கள், வேறு கணக்கில். அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் ஸ்டியரிங் கியர். 1983-இல் வந்த மாருதி 800-க்குக் கீழே தரையில் கியர். தண்டு எங்கே இருக்கிறது என்பதே அன்றைய வகை. அதற்கும் முன்னால் போனால் வகை வேறு. ஜி.டி. நாயுடு 1920-இல் ஒற்றைப் பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சி–பழனி வழியில் தொழில் தொடங்கியபோது, சின்க்ரோமெஷ் என்ற சமாச்சாரமே உலகத்தில் எந்த வண்டியிலும் இல்லை. காடிலாக் அதைக் கொண்டுவந்தது 1928-இல். அதுவரை டபுள் கிளட்ச் போடத் தெரிந்தவர்தான் டிரைவர். தெரியாதவர் கியர் மாற்றினால் பல் கடிபடும் சத்தம் ஊருக்கே கேட்கும். ஆக ‘மேனுவல்’ என்பதே ஒரு வகை இல்லை. அதே காலத்து ஃபோர்டு மாடல் டி காரை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் மூன்று பெடல் உண்டு, ஒன்றுகூட ஆக்சிலேட்டர் இல்லை. இடது பெடலை முழுசாக அழுத்தினால் முதல் கியர், முழுசாக விட்டால் இரண்டாவது, நடுப் பெடல் ரிவர்ஸ். உள்ளே இருப்பதோ, இன்றைய ‘ஆட்டோ’ பெட்டிகளில் இருக்கிற அதே பிளானட்டரி சக்கரங்கள். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

இப்போது உங்கள் சண்டைக்கு வருவோம். ஏ.எம்.டி. என்பது மேனுவல் கியர் பாக்ஸ். இதைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கடையில் மாட்டினாலும் தகும். அதே பல்சக்கரம், அதே உலர்ந்த கிளட்ச் பிளேட். பெடலை மிதிக்கும் காலுக்கும் தண்டைத் தள்ளும் கைக்கும் பதிலாக ஆக்சுவேட்டர் வைத்து, அதைக் கம்ப்யூட்டர் கையில் கொடுத்திருக்கிறார்கள். 2014 பிப்ரவரியில் மாருதி செலேரியோ இதோடு வந்தபோது சின்னக் கார் சந்தையே மாறியது. அதுவரை கிளட்ச் இல்லாத கார் வேண்டுமென்றால் ஒரு பெரிய தொகை கூடக் கொடுக்க வேண்டும், மைலேஜும் அடிவாங்கும். இதில் புதுப் பெட்டி செய்யும் செலவு இல்லாததால் விலை கொஞ்சம்தான் கூடியது; மைலேஜ் கிட்டத்தட்ட மேனுவல் அளவுக்கே நின்றது. நம் ஊர் வாடிக்கையாளருக்கு இந்தக் கணக்கு உடனே பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

பெட்டி மேனுவல் என்பதால் அதன் குணமும் மேனுவல்தான். ஒரு கியரிலிருந்து அடுத்ததுக்குப் போகும்போது கிளட்ச் விலக வேண்டும், அந்த நேரம் சக்கரத்துக்கு இழுவை போகாது. நாமே கியர் மாற்றும்போதும் இதே இடைவெளி உண்டு. ஆனால் அப்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பது நாமே என்பதால் உடம்பு அதற்குத் தயாராக இருக்கும். ஏ.எம்.டி.யில் அது எப்போது வரும் என்று உடம்புக்குத் தெரியாது, அதனால்தான் தலை ஆடுகிறது. கியர் மாறப்போகிற நேரத்தில் ஆக்சிலேட்டரை லேசாக விட்டுக் கொடுத்தால் ஆட்டம் பெரும்பகுதி குறைந்துவிடும். ஏற்றத்தில் உருளுவதும் இப்படித்தான். பிரேக்கை விட்டதும் கிளட்ச் பாதி கடித்த நிலையில் வண்டியை மெல்ல நகர்த்தப் பார்க்கும். கோத்தகிரி ஏற்றத்தில் ஐந்து பேரோடு நிற்கும் வண்டியின் பாரத்தை அந்தப் பாதிக் கடி தாங்காது. ஹில் ஹோல்டு உள்ள மாடல்கள் ஓரிரு நொடி பிரேக்கைப் பிடித்து வைக்கும், இல்லாதவை உருளும். ஆக்சிலேட்டரை மிதித்தே வண்டியை ஏற்றத்தில் நிறுத்தி வைப்பவர்களும் உண்டு. கிளட்ச் பிளேட்டைக் கருக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை.

கம்பெனிகள் இதற்கு வைத்த பெயர்களைப் பாருங்கள். மாருதியில் ஏ.ஜி.எஸ்., ரெனோவில் ஈஸி-ஆர், நிஸானில் ஈஸி-ஷிஃப்ட், மஹிந்திராவில் ஆட்டோஷிஃப்ட், ஹூண்டாய் ஸான்ட்ரோ 2018-இல் திரும்பி வந்தபோது ஸ்மார்ட் ஆட்டோ. எல்லாம் ஏ.எம்.டி.தான். ஒன்றில்கூட ‘மேனுவல்’ என்ற சொல் காதில் விழாதபடி பெயர் வைத்திருக்கிறார்கள், கவனித்தீர்களா?

உங்கள் பார்ட்டி மனதில் வைத்திருந்தது வேறு பெட்டி. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1939-இல் ஹைட்ராமேட்டிக் என்று கொண்டுவந்ததின் வம்சம் அது. இன்றைய வடிவத்தில் இன்ஜினோடு ஒரு இம்பெல்லர் சுற்றுகிறது. கோயம்புத்தூர் பக்கம் இம்பெல்லர் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டாம். பீளமேட்டு பம்ப்செட்டில் இருப்பதும் அதே பேர், அதே வேலை. இங்கே அது தண்ணீருக்குப் பதில் எண்ணெயை வீசுகிறது. வீசிய எண்ணெய் எதிரே இருக்கும் டர்பைனைச் சுற்ற வைக்கிறது, டர்பைன் பெட்டியைச் சுற்றுகிறது. திரும்பி வரும் எண்ணெயை நடுவில் இருக்கும் ஸ்டேட்டர் என்ற சக்கரம் சரியான பக்கம் திருப்பிவிடுவதால், வண்டி கிளம்பும் நேரத்தில் இன்ஜினின் முறுக்கு விசை பெருகியே பெட்டிக்குப் போகிறது. இதுதான் டார்க் கன்வெர்ட்டர். கிளம்பும்போது உரசித் தேய பிளேட் இல்லை. எண்ணெயே ஏற்றத்தில் வண்டியைத் தாங்கும், அல்லது உருளுவதைப் பெரிதும் குறைக்கும். நெடுஞ்சாலையில் ஓடும்போது எண்ணெய் நழுவலில் டீசல் வீணாகக் கூடாது என்று உள்ளே ஒரு பூட்டுக் கிளட்ச் பிடித்துக்கொள்ளும்.

இங்கே ஒரு சின்ன வம்பு எனக்கு உண்டு. ‘டார்க் கன்வெர்ட்டர் கியர் பாக்ஸ்’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள். டார்க் கன்வெர்ட்டர் கியர் பாக்ஸே இல்லை. அது இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் இணைப்பு, நம் இரண்டாவது கேள்விக்கான பதில். அதற்குப் பின்னால் வழக்கமாக இருப்பது பிளானட்டரி பெட்டி. இங்கே விற்கிற சி.வி.டி. கார்களில் பலவற்றிலும் முன்னால் டார்க் கன்வெர்ட்டர்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சொல்லை மட்டும் வைத்து வகை பிரித்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

சி.வி.டி.யில் படி இல்லை. ஸ்பின்னிங் மில்லில் ஸ்பீடு பிரேம் ஓட்டியவர்கள் திருப்பூர், கோவைப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். பழைய மெஷினில் மேலே ஒரு கோன் டிரம், கீழே ஒரு கோன் டிரம், இரண்டையும் சேர்த்து ஒரு பெல்ட். பாபினில் நூல் சுற்றச் சுற்றப் பருமன் கூடும், அதற்கேற்ப வேகம் குறைய வேண்டும். பெல்ட் கோனின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து அதைச் செய்யும். கியர் மாற்றாமலே வேகம் மாறுகிறது. காரில் கோன்களை எதிரெதிரே வைத்து, நடு இடைவெளியைக் கூட்டிக் குறைத்து, ரப்பருக்குப் பதில் உலோக பெல்ட்டோ சங்கிலியோ ஓட விட்டிருக்கிறார்கள். ஹாலந்தின் டாஃப் கம்பெனி 1958-இல் ரப்பர் பெல்ட்டோடு இதைக் காரில் ஓட்டிக் காட்டியது. உங்கள் வீட்டு ஸ்கூட்டரிலும் இதுவேதான் ஓடுகிறது. ஹூண்டாய் ஐ.வி.டி. என்றாலும் நிஸான் எக்ஸ்-டிரானிக் என்றாலும் சி.வி.டி.தான். ‘ஏழு ஸ்பீடு சி.வி.டி.’ என்று கேட்டலாகில் இருந்தால் நோட்டில் ஏழு என்று எழுதாதீர்கள். அந்தப் படிகள் கம்ப்யூட்டர் போடும் வேஷம். உள்ளே ஏழு ஜோடிச் சக்கரம் கிடையாது.

டி.சி.டி.யைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு ஒன்று. இரண்டாவதில் ஓடும்போதே மூன்றாவது தயாராகக் காத்திருக்கும், அதனால் மாறுவது தெரியாது. ஃபோக்ஸ்வேகன் 2003-இல் டி.எஸ்.ஜி. என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது, டாடாவின் டி.சி.ஏ.யும் இதே இனம். இங்கே நோட்டில் விடக் கூடாத விவரம், கிளட்ச் உலர்ந்ததா நனைந்ததா என்பது. ஹோப் காலேஜ், சிங்காநல்லூர் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகிற வண்டியில் உலர்ந்த கிளட்ச் சீக்கிரம் சூடேறும், எண்ணெயில் நனைந்தது தாங்கும்.

2020-இல் ஹூண்டாய் வென்யூவில் வந்த ஐ.எம்.டி. இன்னொரு திருகல். கிளட்ச் பெடல் இல்லை, ஆனால் கியர் தண்டை நீங்களே போட வேண்டும். தண்டைத் தொட்டதும் சென்சார் புரிந்துகொண்டு கிளட்சை விலக்குகிறது. இதை ‘ஆட்டோ’வில் சேர்த்து விற்றால் நாளைக்கு இன்னொருவர் கடைக்கு வந்து சத்தம் போடுவார். ‘கிளட்ச் பெடல் இல்லாத மேனுவல்’ என்று எழுதுங்கள்.

பெயர் ஏமாற்றுவதற்கு இன்னோவாவைவிட நல்ல சாட்சி வேண்டாம். 2016-இல் வந்த இன்னோவா கிறிஸ்டா ஆட்டோமேட்டிக்கில் டார்க் கன்வெர்ட்டரும் ஆறு கியர் பிளானட்டரி பெட்டியும். 2022 கடைசியில் அறிமுகமான ஹைகிராஸில் வெறும் பெட்ரோல் வண்டிக்கு புல்லி-பெல்ட் சி.வி.டி. அதே ஹைகிராஸ் ஹைபிரிட்டில் இ-சி.வி.டி. இந்த மூன்றாவதில் புல்லியும் இல்லை, பெல்ட்டும் இல்லை. ஒரு பிளானட்டரி சக்கரத் தொகுப்பு, இரண்டு மின் மோட்டார், பெட்ரோல் இன்ஜின். மோட்டார்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து மொத்த விகிதத்தை மாற்றுகிறார்கள். டொயோட்டா 1997-இல் ப்ரியஸில் போட்ட ஏற்பாடு. படியில்லாமல் மாறுகிறது என்பதால் சி.வி.டி. என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ‘சி.வி.டி. என்றால் பெல்ட் தேய்ந்துபோகும்’ என்று பயந்து ஹைபிரிட்டை வேண்டாம் என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். எலெக்ட்ரிக் கார்களுக்கு வந்தால் விஷயம் எளிது. நம்மிடம் ஓடுகிற எல்லாவற்றிலும் அநேகமாக ஒரே விகிதம், ஒரு ரிடக்ஷன் கியர். ‘கியர் மாற்றம் இல்லை’ என்று எழுதலாம். ‘கியர் இல்லை’ என்று எழுதினால் தப்பு.

சட்டத்தை வைத்து வகை பிரிக்கலாமா என்றால் அதுவும் உதவாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு கியர் உள்ளது, இல்லாதது என்று பிரிப்பது மோட்டார் சைக்கிளை மட்டும்தான். ஒரே ஒரு விகிதத்தில் ஓடும் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லும், விகிதம் மாறிக்கொண்டே இருக்கும் ஸ்கூட்டரும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. காருக்கு அந்தப் பிரிவே கிடையாது, எல்.எம்.வி. லைசென்ஸ் இருந்தால் எந்தப் பெட்டியையும் ஓட்டலாம். பிரிட்டனில் அப்படியில்லை. ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் கொடுத்துத் தேறியவர் மேனுவல் ஓட்ட முடியாது.

இத்தனை பிரித்துப் பார்ப்பது வெறும் சொல் சுத்தத்துக்கு இல்லை. பழைய வண்டி வியாபாரத்தில் முதல் காரணம் எண்ணெய். ஏ.எம்.டி. பெட்டிக்கு மேனுவலுக்கு ஊற்றுகிற கியர் ஆயில். பிளானட்டரி பெட்டிக்கு ஏ.டி.எஃப். சி.வி.டி.க்குத் தனி ஆயில், ஏனென்றால் அந்த எண்ணெய்க்குள் உரசித்தான் பெல்ட் புல்லியைப் பிடிக்கிறது. வேறொன்றை ஊற்றினால் வழுக்கும், வழுக்கினால் புல்லியில் கோடு விழும், அதோடு பெட்டி போனது. பட்டறையில் “ஆட்டோ வண்டிங்க, ஆயில் மாத்துங்க” என்று மொட்டையாகச் சொல்லி அனுப்புவது லட்ச ரூபாய் விஷயம். நின்றுபோன வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வருவதும் அப்படித்தான். நியூட்ரலில் இருக்கும் ஏ.எம்.டி. அதைத் தாங்கும். பிளானட்டரியிலும் சி.வி.டி.யிலும் இன்ஜின் ஓடாவிட்டால் எண்ணெய் பம்ப் ஓடாது, உள்ளே எல்லாம் வறண்டு சுற்றும்.

இரண்டாவது காரணம் நம் மலைகள். ஏறுவதைப் பற்றி உங்கள் பார்ட்டி பேசினார், நான் இறங்குவதைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுவேன். வால்பாறையிலிருந்து ஆழியாருக்கு 40 கொண்டை ஊசி வளைவு, திம்பத்திலிருந்து பண்ணாரிக்கு 27. ‘டி’யிலேயே விட்டுவிட்டு பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு இறங்கினால் பிரேக் காய்ந்து பிடிக்காமல் போகும். ஏ.எம்.டி., பிளானட்டரி, டி.சி.டி. மூன்றிலும் மேனுவல் முறைக்கு மாற்றி இரண்டாவதில் பிடித்து இறங்க வேண்டும், சி.வி.டி.யில் ‘எல்’ அல்லது ‘எஸ்’, டொயோட்டா ஹைபிரிட்டில் ‘பி’ என்ற பிரேக்கிங் நிலை இருந்தால் அது. எந்தப் பெட்டி என்று தெரியாமல் வாங்கியவருக்கு இதை யார் சொல்லிக் கொடுப்பது?

கழற்றாமல் கண்டுபிடிக்க ஒரு வழி. தண்டின் பக்கத்தில் பார்க்கிங் நிலை, அதாவது ‘பி’, இருக்கிறதா பாருங்கள். ஆர், என், டி, எம் மட்டும் இருந்து ‘பி’ இல்லையென்றால் அநேகமாக அது ஏ.எம்.டி. மேனுவல் போலவே கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்துத்தான் நிறுத்த வேண்டும். ‘பி’ இருந்தால் மற்றவற்றில் ஒன்று. பிறகு காலி ரோட்டில் ஆக்சிலேட்டரை நன்றாக மிதியுங்கள். இன்ஜின் சத்தம் மேலே போய் அங்கேயே நின்று, வேகம் பின்னால் வந்து சேர்ந்தால் சி.வி.டி. படிப்படியாக மாறினால் பிளானட்டரியோ டி.சி.டி.யோ, இந்த இரண்டையும் காதை நம்பிப் பிரிக்காதீர்கள், வண்டியின் கையேட்டில் எந்த ஆயில் என்று பாருங்கள்.

நோட்டுக்கு நாலு கட்டம் போதும்: இடது கால், இணைப்பு, பெட்டி, கம்பெனி வைத்த பேர். கம்பெனிப் பேரைக் கடைசியில் வைத்தது வேண்டுமென்றேதான். உங்கள் பலேனோ இரண்டையும் ஒன்றாக எழுதிவிட வேண்டாம். 2015-இல் வந்த பழைய பலேனோவில் இருந்தது சி.வி.டி.; 2022 பிப்ரவரியில் மாறிய புதிய பலேனோவில் ஐந்து கியர் ஏ.எம்.டி. பேரும் ஒன்று, ‘ஆட்டோ’வும் ஒன்று, பெட்டிக்குச் சம்பந்தமே இல்லை. பிராங்க்ஸில் இன்ஜினைப் பாருங்கள். 1.2 லிட்டர் என்றால் ‘கிளட்ச் பெடல் இல்லை, உலர்ந்த கிளட்ச், ஐந்து கியர் மேனுவல் பெட்டி கம்ப்யூட்டர் இயக்கம், ஏ.ஜி.எஸ்.’ 1.0 டர்போ என்றால் ‘கிளட்ச் பெடல் இல்லை, டார்க் கன்வெர்ட்டர், ஆறு கியர் பிளானட்டரி.’ ஹைகிராஸ் ஹைபிரிட்டாக இருந்தால் இணைப்புக் கட்டத்தில் கோடு போட்டுவிட்டு, பெட்டியில் ‘பிளானட்டரி, இரண்டு மோட்டார்’ என்று எழுதுங்கள், இ-சி.வி.டி. என்பது கடைசிக் கட்டத்துக்குப் போகட்டும்.

கோத்தகிரி போய் வந்தவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக் இழுத்து வைத்து, ஆக்சிலேட்டர் கொடுத்து, வண்டி முன்னால் இழுப்பது தெரிந்ததும் பிரேக்கை விடச் சொல்லிக் கொடுங்கள். மேனுவல் ஓட்டியவருக்கு இது இரண்டு நிமிடத்தில் வந்துவிடும். அப்படியும் கிளம்பும்போது வண்டி உதறினால் கிளட்ச் பிளேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், முந்தைய ஓனர் ஏற்றத்தில் ஆக்சிலேட்டரிலேயே நிறுத்தி வைத்தவராக இருக்கலாம். பிளேட் மாற்றினால், அது எந்த இடத்தில் கடிக்கிறது என்பதை ஸ்கேனர் போட்டுக் கம்ப்யூட்டருக்குப் புதிதாகப் பதிந்து கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் வண்டியைக் கொடுத்தால் புது பிளேட்டிலும் தலை ஆடும், அவர் மறுபடியும் உங்கள் கடைக்குத்தான் வருவார்.